சர்ப்பகந்தி: ரத்தக் கொதிப்பை இறக்கும் வேர்



போன ஆடி மாதம் கடலைப் பயிர் பார்க்க ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். எப்போதும் எனக்கு முன்னால் வரப்பிலே நடக்கிற விவசாயி அன்றைக்குத் திண்ணையை விட்டு இறங்கவில்லை. "ரெண்டு மாசமா இப்படித்தானுங்க. சோறு இறங்கல, யார்கிட்டயும் பேச்சில்ல. வெள்ளாமை போன கவலைன்னு நினைச்சோம்" என்றார் அவர் சம்சாரம். விசாரித்தால், ரத்தக் கொதிப்புக்கு ஆஸ்பத்திரி மாத்திரையோடு, சந்தையில் வாங்கிய சர்ப்பகந்தி வேர்ப்பொடியையும் தினம் இரு வேளை தின்றிருக்கிறார்.

மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடும் என்று கேட்பீர்கள். சிவன் அமல்பொடி என்றும் சொல்லப்படும் இந்தச் செடி உண்மையிலேயே வேலை செய்கிற மருந்து. கெடுதலும் அதனால்தான் வருகிறது.

1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இந்த வேர் ரத்தக் கொதிப்பைக் குறைப்பதை எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், நோயாளிகளிடம் கண்ட பலனை இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் இதிலிருந்து ரெசர்பைன் என்ற சத்தைப் பிரித்தார்கள். அது உலகமெங்கும் மாத்திரையாகப் போயிற்று.

இது எப்படி வேலை செய்கிறது? நம் நரம்பு முனைகளில் ஒரு ரசாயனம் சேமிப்பாக இருக்கிறது. ரத்தக் குழாயை இறுக்குவது அதுதான். ரெசர்பைன் அந்தச் சேமிப்பைக் காலி செய்கிறது. குழாய் தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. மூளையிலும் அதே மாதிரிச் சேமிப்பு உண்டு, அதுவும் குறைகிறது. அதனால் மனச்சோர்வு வரலாம். மூக்கடைப்பு, நாடித்துடிப்பு குறைதல், வயிற்றுப்புண்ணும் வரலாம்.

மாத்திரையிலே அளவு உண்டு. பொடியிலே அளவு ஏது? செடியின் வயது, மண், தோண்டிய பருவம் இவற்றைப் பொறுத்துச் சத்து கூடும், குறையும். ஒரே சிட்டிகை ஒருநாள் போதாது, இன்னொரு நாள் மிஞ்சிப்போகும். ஆகவே, பொடியை நீங்களாகச் சாப்பிடாதீர்கள். பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சித்த மருத்துவரிடம் போனாலும் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள்.

பயிராக வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விதை முளைப்பு குறைவு. வேர்த்துண்டு, தண்டுத்துண்டிலும் நடலாம். வேர் தோண்ட ஒன்றரை வருஷமாவது ஆகும். சத்து வேர்ப்பட்டையில்தான் அதிகம். பட்டை உரியாமல் தோண்டுங்கள். காட்டிலே போய்ப் பிடுங்காதீர்கள். அருகிப்போன செடி என்பதால் 1990 முதல் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. விற்க இடம் பார்த்துக்கொண்டு நடுங்கள்.

அந்த விவசாயியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். டாக்டர் பொடியை நிறுத்தி, மாத்திரையைத் தொடரச் சொன்னார். பொங்கலுக்குப் போனபோது வரப்பிலே எனக்கு முன்னால் நடந்தார்.