வெளிநாட்டுப் பயணத்துக்கு நாணயம் வாங்குதல்

வெளிநாடு செல்பவர் ரூபாயைக் கொடுத்து அந்நாட்டுப் பணத்தை வாங்கும் இடம் பணமாற்றகம் ஆகும். பேச்சு வழக்கில் இது மணி சேஞ்சர் அல்லது மணி எக்ஸ்சேஞ்ச் எனப்படுகிறது. பிரிட்டனில் டெஸ்கோ போன்ற பேரங்காடிகளிலும் அஞ்சலகங்களிலும்கூட பயணப் பணம் விற்கப்படுகிறது. இந்தியாவில் இந்திய ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவர்கள் மட்டுமே வெளிநாட்டு நாணயத்தை விற்கலாம். யாரிடம் வாங்குவது, என்ன விலைக்கு வாங்குவது என்ற இரண்டையும் அறியாமல் வாங்குபவர் பணத்தை இழக்கலாம். சட்டச் சிக்கலிலும் மாட்டலாம்.

தென்காசி வட்டாரமும் வெளிநாட்டுப் பணமும்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவானது. மாவட்டம் புதியது என்றாலும் இவ்வட்டாரத்தின் வெளிநாட்டுத் தொடர்பு பழையது. கடையநல்லூரிலிருந்து சென்றவர்கள் 1941-இலேயே சிங்கப்பூரில் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைத் தொடங்கினர். பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்கும் பலர் வேலைக்குச் சென்றனர். இதனால் விடுமுறைக்கு வருபவர்கள் கொண்டுவரும் ரியாலும் திர்ஹமும் இங்குள்ள வீடுகளுக்குப் புதியவை அல்ல. மகனையோ மகளையோ பார்க்கச் செல்லும் பெற்றோர், உம்ரா செல்வோர், சுற்றுலா செல்வோர் எனப் பணம் வாங்க வேண்டியவர்களும் பலர்.

தென்காசியில் விமான நிலையம் இல்லை. செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரத்துக்கோ, ராஜபாளையம் வழியாக மதுரைக்கோ சென்றுதான் வெளிநாட்டு விமானம் ஏற வேண்டும். புறப்படும் அவசரத்தில் பணம் மாற்றுவதை விமான நிலையம் வரை தள்ளிப்போடுவது பலரின் வழக்கம். பொதுவாக அங்குள்ள கவுண்டர்களில் விலை கூடுதலாகவே இருக்கும்.

யார் விற்கலாம்?

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999 (பெமா) 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி பயணிக்கு நாணயம் விற்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர்:

• அந்நியச் செலாவணி வணிகத்துக்கு அனுமதி பெற்ற வங்கிகள். எல்லாக் கிளைகளிலும் நோட்டுகள் இருப்பதில்லை.
• இரண்டாம் வகை அங்கீகாரம் பெற்ற வணிகர்கள்.
• எஃப்எஃப்எம்சி எனப்படும் முழுமையான பணமாற்றுநர்கள்.

இவர்களின் முகவர்களாக இயங்கும் சிறு கடைகளும் உண்டு. இத்தகைய முகவர்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த திட்டம், வெளிநாட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ரூபாய் தருவதற்கானது. பயணிக்கு வெளிநாட்டுப் பணத்தை விற்பதற்கானது அல்ல. ஆகவே ‘வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரப்படும்’ என்ற பலகையை மட்டும் நம்பக் கூடாது. அனுமதி பெற்ற பணமாற்றகம் தன் உரிமத்தின் நகலையும் அன்றைய வாங்கும், விற்கும் விலைப் பட்டியலையும் வாடிக்கையாளர் பார்வையில் வைக்க வேண்டும். இவை இரண்டையும் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குவது நல்லது.

விலை எப்படி அமைகிறது?

பட்டியலில் ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு விலைகள் இருக்கும். கடைக்காரர் நமக்கு விற்கும் விலை அதிகமாகவும், நம்மிடம் வாங்கும் விலை குறைவாகவும் இருக்கும். இந்த இடைவெளியில்தான் அவருடைய லாபம் உள்ளது. ‘கமிஷன் இல்லை’ என்று எழுதியிருந்தாலும் இடைவெளி இருக்கவே செய்யும்.

கணக்கு எளிதாக விளங்க, ஒரு கற்பனை விலையை எடுத்துக்கொள்வோம். சந்தையில் ஒரு சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய். கடையின் விற்கும் விலை 66.50, வாங்கும் விலை 63.50. 1,000 டாலர் வாங்குபவர் 66,500 ரூபாய் தருகிறார். சந்தை விலையைவிட 1,500 ரூபாய் கூடுதல். பயணம் ரத்தாகி அதே பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் 63,500 ரூபாய்தான் கிடைக்கும். ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காமலே 3,000 ரூபாய் போய்விடுகிறது.

இதனுடன் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். ஆனால் இது மொத்தத் தொகைக்கு விதிக்கப்படுவதில்லை. பரவலாகப் பின்பற்றப்படும் முறையில், ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மாற்றத்துக்கு அத்தொகையின் 1 சதவீதம் (குறைந்தது 250 ரூபாய்) சேவையின் மதிப்பாகக் கொள்ளப்படும். வரி அதற்கு மட்டுமே. மேற்கண்ட 66,500 ரூபாய்க்குச் சேவை மதிப்பு 665 ரூபாய், வரி சுமார் 120 ரூபாய். 18 சதவீதத்தை முழுத் தொகைக்கும் கணக்கிட்டுக் கேட்டால் அது தவறு.

அமெரிக்க டாலர், யூரோ, பவுண்ட், யென் ஆகியவற்றுக்கு எஃப்பிஐஎல் நிறுவனம் வேலை நாள்தோறும் குறிப்பு விலையை வெளியிடுகிறது. அதைக் கடை விலையுடன் ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். இரண்டு மூன்று இடங்களில், ‘எல்லாம் சேர்த்து 1,000 டாலருக்கு எத்தனை ரூபாய்?’ என்று ஒரே கேள்வியைக் கேட்பதே சிறந்த வழி. அதிகம் புழங்காத நாணயங்களுக்கு இடைவெளி கூடும். கடைகள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் அது குறையும். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேஸிலும் லிட்டில் இந்தியாவிலும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் பணமாற்றுக் கடைகள் பல உள்ளன. அங்கு போட்டியே விலையைக் கட்டுப்படுத்துகிறது.

வரம்புகளும் ஆவணங்களும்

• எல்ஆர்எஸ் திட்டத்தின்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் எல்லாத் தேவைகளுக்கும் சேர்த்து 2,50,000 அமெரிக்க டாலர் வரை பெறலாம். 2004-இல் இது 25,000 டாலராக இருந்தது.
• பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை மட்டுமே நோட்டாகப் பெறலாம். மீதியை ஃபாரெக்ஸ் கார்டு போன்ற வழிகளில் கொண்டுசெல்லலாம். ஹஜ், உம்ரா பயணிகளுக்கு இந்த ரொக்க வரம்பில் விலக்கு உண்டு.
• பயண நாளுக்கு 60 நாட்களுக்குள் மட்டுமே வாங்க முடியும்.
• ஒரு பயணத்துக்கான தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் ரொக்கமாகச் செலுத்த முடியாது. காசோலை, அட்டை, வங்கிப் பரிமாற்றம் வழியாகவே செலுத்த வேண்டும். பல தவணையாக வாங்கினாலும் எல்லாம் சேர்த்தே கணக்கிடப்படும்.
• கடவுச்சீட்டு, பான் அட்டை, பயணச்சீட்டு, தேவைப்படும் நாடுகளுக்கு விசா ஆகியவை கேட்கப்படும்.
• 2025 ஏப்ரல் 1 முதல், நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பயணத் தொகைக்கு 20 சதவீத வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். இதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம்.

தெரிந்தவரிடம் வாங்கலாமா?

விடுமுறைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் ரியால் இருக்கிறது. நமக்கு ரியால் தேவை. நேரடியாக மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்று தோன்றும். ஆனால் அங்கீகாரம் பெறாத ஒருவரிடம் வெளிநாட்டு நாணயம் வாங்குவதையும் விற்பதையும் பெமா சட்டத்தின் 3-ஆம் பிரிவு தடைசெய்கிறது. ‘இங்கே ரூபாய் கொடு, அங்கே என் ஆள் திர்ஹம் தருவார்’ என்னும் உண்டியல் முறையும் இத்தடைக்குள் வருகிறது. மீறினால் தொடர்புடைய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். பணத்தைப் பறிமுதல் செய்யவும் முடியும். வெளிநாட்டில் வசிக்கும் உறவினர் ஊருக்கு வரும்போது அன்பளிப்பாகத் தருவது வேறு. 2,000 டாலர் மதிப்பு வரை அதை வைத்துக்கொள்ளலாம்.

அபராதம் ஒருபுறம் இருக்க, கள்ள நோட்டு கைமாறினால் கேட்க இடமில்லை என்பது இன்னொரு ஆபத்து. பணமாற்றகம் தரும் ரசீதே, பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று. பயணம் முடியும்வரை அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மீந்த பணம்

ஊர் திரும்பிய 180 நாட்களுக்குள் மீதி நாணயத்தை அங்கீகாரம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். நோட்டுகளில் 2,000 டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம். நாணயக் காசுகளுக்கு வரம்பு இல்லை. பணமாற்றகங்கள் பெரும்பாலும் காசுகளை வாங்குவதில்லை என்பதால் அவற்றை அந்த நாட்டிலேயே செலவழித்துவிட்டு வருவது நல்லது. நோட்டுகள் மட்டும் 5,000 டாலருக்கு மேலோ, எல்லாம் சேர்த்து 10,000 டாலருக்கு மேலோ கொண்டுவருபவர் விமான நிலையச் சுங்கத்துறையிடம் அதைப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும்.