மதிலுக்குள் போன சிவன் கோயில்

தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் இருந்த காயல், 13ஆம் நூற்றாண்டில் முத்துக்கும் குதிரை இறக்குமதிக்கும் பேர்போன பாண்டியத் துறைமுகம். 1292 வாக்கில் சீனத்தின் சுவான்சோவிலிருந்து கப்பலேறிய மார்க்கோ போலோ இவ்வூரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1870களில் கால்டுவெல் இங்கே ஆராய்ந்தபோது மணலில் அகப்பட்டவை பெரும்பாலும் ஓட்டாஞ்சில்லுகளே, அவற்றில் சீனப் பீங்கானும் உண்டு. அந்தக் கடல்வணிகத்தின் கல் சாட்சியைப் பார்க்கச் சுவான்சோவுக்கே போகவேண்டும். 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலிய கானின் நலனுக்காக அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததை, தமிழோடு சீன எழுத்தும் கொண்ட கல்வெட்டு ஒன்று சொல்கிறது. கோயில் இன்று இல்லை. அதன் துண்டுகள் நகர மதிலுக்குள்ளும் கையுவான் பௌத்தக் கோயிலிலும் போய்ச் சேர்ந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மதிலை இடித்தபோது வெளிப்பட்ட கற்களை வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் தேடித் தேடிச் சேர்த்தார்.

சாமி சிலையைச் சுவர்க்கல்லாக்குவது அவமதிப்பல்லவா என்று கேட்கலாம். மதிலைப் பொறுத்தவரை மறுப்பது கடினம். அரண் கட்டுகிறவனுக்கு வேண்டியது நன்றாகக் கொத்திய கல், அதிலுள்ள தெய்வம் அவனுக்குப் பொருட்டில்லை. கையுவானில் நடந்தது வேறு. அதன் பெரிய மண்டபத்தின் முன்மேடை அடியில் சிங்கமும் மனிதத் தலைச் சிங்கமும் செதுக்கிய 70-க்கும் மேற்பட்ட பலகைகள் முகம் வெளியே தெரியப் பதிந்துள்ளன. பின்தாழ்வாரத்தில் இரண்டு பதினாறு பட்டைத் தூண்கள். வட்டச் சட்டங்களுக்குள் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரும், மருத மரங்களைச் சாய்க்கும் கண்ணனும். கல் மட்டும் போதுமென்றால் உருவத்தை உள்பக்கம் திருப்பிப் பூசியிருப்பார்கள். இடித்தவரும் எடுத்து வைத்தவரும் ஒருவரே என்று கொள்ளவும் வேண்டியதில்லை: 1357 முதல் 1366 வரை ஊரே கலவரத்தில் கிடந்தது, மண்டபம் புதுப்பிக்கப்பட்டது அதற்குப் பின் வந்த மிங் ஆட்சியில்.

‘நம் கற்களைத் திரும்பக் கொண்டுவரவேண்டும்’ என்பாரும் உண்டு. உணர்ச்சி புரிகிறது, ஆனால் கல் அந்த ஊர்க் கல். நரசிம்மருக்கு அண்டை வட்டங்களில் சீனப் பூவேலை இருப்பதைப் பார்த்தால், உளி பிடித்த கையும் உள்ளூர்க் கைதான். தமிழ் வணிகர் கொடுத்தது கதையும் பணமும். அருங்காட்சியகத்துக்குப் போன மதில் கற்கள் பத்திரமாக இருக்கின்றன என்றாலும், எந்தக் கல்லுக்கு மேல் எந்தக் கல் இருந்தது என்ற செய்தி மதிலோடு போயிற்று. கையுவான் பலகைகளை இன்றும் இருந்த இடத்திலேயே படிக்கலாம். மிங் காலத்துக் கொத்தனார் எதைத் தேர்ந்தார், எங்கே வைத்தார் என்பதுவரை.