கருவியும் சமுதாயமும்

கருவியைப் படைப்போர் சிலர். அதன் பயனை வகுப்பதோ மக்களின் வாழ்க்கை. இவ்வுண்மையைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டின் வரலாறு நமக்கு நன்கு விளக்கும்.

அந்நாட்டில் பலர் பிழைப்பை நாடி நைரோபி முதலிய நகரங்களுக்குச் செல்வர். பெற்றோரும் மனைவி மக்களும் சிற்றூரில் வாழ்வர். ஈட்டிய பொருளை வீட்டிற்கு அனுப்புதல் அவர்தம் தலையாய கடமை. வங்கிகளோ சிற்றூர்களுக்கு வெகு தொலைவில் இருந்தன. ஆதலின், ஊருக்குச் செல்லும் உறவினரிடமோ பேருந்து ஓட்டுநரிடமோ பணத்தைக் கொடுத்தனுப்பினர். அது வழியில் களவு போதலும் உண்டு. காலம் தாழ்தலும் உண்டு. நோயுற்ற தாயின் மருந்திற்குரிய பணம் உரிய நாளில் சேராவிடின் விளையும் துயரம் சிறிதன்று.

2005ஆம் ஆண்டில், சிறு கடன் பெற்றோர் கைப்பேசி வாயிலாகத் தவணை செலுத்துதற்கென ஓர் ஏற்பாடு அங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது. அதன் பெயர் எம்-பெசா. 'பெசா' என்பது சுவாகிலி மொழியில் பணத்தைக் குறிக்கும். மக்களோ தவணையோடு நில்லாது, ஒருவர்க்கொருவர் பணம் அனுப்பவும் அதனைப் பயன்படுத்தினர். இதனைக் கண்ட அமைப்பாளர் தம் நோக்கத்தை மாற்றிக்கொண்டனர். 2007ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வீட்டிற்குப் பணம் அனுப்பும் வசதியாகவே அதனை நாடெங்கும் தொடங்கினர். நகரத்து மகன் அருகிலுள்ள கடையில் பணம் கட்டிக் கைப்பேசி வழியே அனுப்புவான். தாய்க்குக் குறுஞ்செய்தி வரும். அவள் தன் கைப்பேசியில் மறையெண்ணைப் பதிந்து, ஊர்க் கடையில் பணம் பெறுவாள். வங்கிக் கணக்கு வேண்டுவதில்லை. அவ்வாண்டின் இறுதியில் தேர்தலை ஒட்டிக் கலகம் மூண்டபோது, இடருள் அகப்பட்ட உறவினர்க்குப் பலர் இவ்வழியே உதவினர்.

இதே ஏற்பாடு 2010ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவிலும் தொடங்கப்பட்டது. ஆனால் அங்கே வங்கிக் கணக்கு உடையோர் மிகுதி. வங்கிச் சட்டங்களும் கடுமையானவை. ஆதலின் அது வேரூன்றவில்லை, 2016இல் மூடப்பட்டது. கருவி ஒன்றே, சமுதாயம் வேறு.

கென்யாவிலும் எல்லார்க்கும் ஒரே வகையான பயன் விளைந்ததன்று. எழுத்தறியா முதியவர் தம் மறையெண்ணைப் பிறரிடம் கூற நேரின், அவர் பொருள் அப்பிறரது நேர்மையைச் சார்ந்தே நிற்கும்.

மாணவர்களே! புதிய கருவி ஒன்றைக் காணும்போது, 'இஃது என்ன செய்யும்?' என்று மட்டும் வினவி அமையாதீர். 'இதனைக் கையாள்வோர் யாவர்? அவர்தம் தேவை யாது? இதன் பயன் எட்டாதார் யாவர்?' என்றும் வினவுக. அவ்வினாக்களுக்கு விடை கண்டவரே கருவியை உண்மையாக அறிந்தவர் ஆவர்.