வழுக்கலும் பிடிப்பும்

வ. புதுப்பட்டியில் நடக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. மேற்கே மலை, பிளவக்கல் அணைக்குப் போகிற சாலை, அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறுகிற கூட்டம். ஆனாலும் வெயில், தெருநாய், முழங்கால் வலி, "தினம் அரை மணி நேரம் நடங்க" என்கிற டாக்டர் எல்லாமாகச் சேர்ந்து, இந்தப் பக்கத்து வீடுகளிலும் ட்ரெட்மில்லை மாடியேற்றிவிட்டன. கொஞ்ச காலத்தில் புகார்களும் வந்துசேரும். "காலை வச்சா ஒரு வெட்டு வெட்டுது." "பத்து நிமிஷம் ஓடிட்டு நின்னுபோகுது." "பெல்ட் ஒரு பக்கமா ஒதுங்குது." ராஜபாளையத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ மெக்கானிக் வந்து, மூடியைக் கழற்றிப் பார்த்து, "போர்டு போச்சு" என்பார். புது போர்டு மாட்டுவார்கள். சில மாதங்களில் அதுவும் போகும்.

மோட்டாருக்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் அந்த போர்டு ஏன் போனது என்ற கேள்விக்கு விடை, பல சமயம் போர்டில் இருக்காது. பெல்ட்டுக்கு அடியில் இருக்கும்.

அந்த பெல்ட்டின் பாட்டைப் பாருங்கள். அதன் மேற்பரப்பு உங்கள் ஷூவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வழுக்கினால் விழுவீர்கள். அடிப்பரப்பு, கீழே இருக்கும் பலகையின் மேல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். பிடித்தால் மோட்டார் திணறும். அதே அடிப்பரப்பு, முன்பக்க ரோலரை இறுகப் பற்றவும் வேண்டும். அங்கே வழுக்கினால் ரோலர் சுற்றும், பெல்ட் நிற்கும். சில மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத ஒரு பட்டையின் தலையில் ஒன்றுக்கொன்று ஆகாத மூன்று வேலைகள். வீட்டு ட்ரெட்மில்லின் கோளாறுகளில் பெரும்பங்கு, வழுக்க வேண்டிய இடத்தில் பிடித்ததாலோ பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கியதாலோ வருவதுதான்.

பஞ்சாலை வட்டாரத்துக்கு இது பழகிய கணக்கு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே நூற்கப்படும் நூலை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பசை கிடையாது. சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள பஞ்சு இழைகள்தான். ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுற்றும் ரோலர் ஜோடிகளுக்கிடையே இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். அப்போதுதான் திரி மெலியும். அடுத்த கணமே முறுக்கு ஏறி, அதே இழைகள் ஒன்றையொன்று விடாமல் பிடிக்க வேண்டும். அப்போதுதான் நூல் அறாது. உராய்வை எங்கே குறைப்பது, எங்கே கூட்டுவது என்பதில்தான் மொத்தத் தொழிலும் இருக்கிறது. ட்ரெட்மில்லும் அதே பாடத்தைத்தான் கேட்கிறது.

சிறையிலிருந்து மாடிக்கு

காலால் மிதித்து இயந்திரத்தை ஓட்டுவது நமக்குப் புதிதில்லை. ஏற்ற மரத்தின் மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றில் சால் இறங்கி ஏறியது. அங்கே மனித எடைதான் மோட்டார். இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் 1818-இல் இதையே தண்டனையாக்கினார். பெரிய சக்கரத்தின் படிகளில் கைதிகள் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். படி கீழே போய்க்கொண்டே இருக்கும். சில சிறைகளில் அந்தச் சுழற்சி மாவரைத்தது. சில சிறைகளில் எதற்கும் பயன்படாமல் வெறுமனே சுற்றியது. 1898-இல் வந்த சட்டத்தோடு பிரிட்டன் அதைக் கைவிட்டது.

1952-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதய மருத்துவர் ராபர்ட் புரூஸும் பொறியாளர் வேய்ன் குவின்டனும் இந்தச் சமன்பாட்டைத் திருப்பிப் போட்டார்கள். மோட்டார் பெல்ட்டை ஓட்டும், நோயாளி அதன் மேல் நடப்பார், இ.சி.ஜி. அவர் இதயத்தைக் கவனிக்கும். இன்று நம் மருத்துவமனைகளில் டி.எம்.டி. என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அதன் தொடக்கம் அதுதான். புரூஸ் வகுத்த முறையில் 3 நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். பின்னர் கென்னத் கூப்பர் 1968-இல் எழுதிய 'ஏரோபிக்ஸ்' நூலைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர், வீட்டில் வைத்துக்கொள்ளும் மாடலைச் செய்தார். அவருடைய முதல் வடிவத்தில் பெல்ட்டின் அடியில் 40 எஃகு உருளைகள் இருந்தன. உருளும் பரப்பில் உராய்வு குறைவு. இன்றைய வீட்டு ட்ரெட்மில்லில் அந்த உருளைகளுக்குப் பதில் வழவழப்பான மேல்பூச்சுள்ள ஒரு மரத்தூள் பலகை; மெக்கானிக்குகள் டெக் என்பார்கள். விலையும் சத்தமும் குறைந்தன. உராய்வு திரும்பி வந்தது.

மெதுவாக நடந்தால் மோட்டாருக்கு நல்லதா?

பிரெஞ்சு அறிஞர் அமோன்டோன் 1699-இல் உராய்வைப் பற்றி ஓர் எளிய விதியைச் சொன்னார்: அழுத்தும் எடை எவ்வளவோ, உராய்வும் அந்த விகிதத்தில் இருக்கும், தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பது பொருட்டல்ல. பின்னால் வந்த கூலோம், வழுக்கும் வேகமும் அவ்வளவாகப் பொருட்டல்ல என்று சேர்த்தார்.

இந்த இரண்டையும் நம் மாடியில் வைத்துப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ளவர் நடக்கிறார். ஓடும்போது ஒவ்வொரு அடியும் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தும். இரு காலும் காற்றில் இருக்கும்போது அழுத்தம் பூஜ்யமாகும். சராசரி எடுத்தால் நடந்தாலும் ஓடினாலும் அதே 70 கிலோதான். பலகையும் பெல்ட்டும் நன்றாக வழுக்கும் நிலையில் உராய்வு எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 7 கிலோ எடைக்குச் சமமான விசையில் பெல்ட்டை இழுக்க வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 95 வாட் போதும். அடிப்பரப்பு காய்ந்து, தூசி அரைபட்டு, உராய்வு பத்தில் மூன்று பங்காகிவிட்டால் அதே நடைக்கு 285 வாட் வேண்டும். நடப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மோட்டாருக்குத் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. "நான் மெதுவாத்தானே நடக்கிறேன், மிஷினுக்கு என்ன கஷ்டம்?" என்று பலர் நினைக்கிறார்கள். இழுக்க வேண்டிய விசை வேகத்தைப் பொறுத்ததல்ல என்பதால், டி.சி. மோட்டாரின் சுருளில் ஓடும் மின்னோட்டமும் மெது நடையில் குறைவதில்லை. ஆனால் மோட்டாரின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கும் விசிறி மெதுவாகச் சுற்றும். அதே சூடு, குறைந்த காற்று. கனமான ஒருவர் காய்ந்த பெல்ட்டில் நெடுநேரம் மெதுவாக நடப்பதுதான் மோட்டாருக்கு வரக்கூடிய மோசமான பொழுது. சூடேறிய மோட்டாரில் நிரந்தரக் காந்தத்தின் வலு குறையும், அதே விசைக்கு இன்னும் மின்னோட்டம் தேவைப்படும், இன்னும் சூடேறும்.

எல்லாவற்றுக்கும் எடைதான் மூலம் என்பதை விண்வெளியில் போய்ப் பார்க்கலாம். இந்திய வம்சாவளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் 2007 ஏப்ரல் 16 அன்று பாஸ்டன் மாரத்தானை சர்வதேச விண்வெளி நிலையத்தின் ட்ரெட்மில்லில் ஓடி முடித்தார். சுமார் 4 மணி 24 நிமிடம். அங்கே எடை உணரப்படாது. கால் பெல்ட்டை அழுத்தாது, அழுத்தாவிட்டால் பிடிப்பில்லை, முதல் அடியிலேயே ஆள் கூரைக்குப் போய்விடுவார். அதனால் இழுவிசைப் பட்டைகளால் உடலைப் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வ. புதுப்பட்டி மாடியில் பூமியே செய்கிற வேலையை அங்கே பட்டைகள் செய்தன.

தேங்காய் எண்ணெய் ஏன் ஆகாது?

காய்ந்த பெல்ட்டுக்கு மருந்து சிலிக்கோன் எண்ணெய். தென்னந்தோப்பு சூழ்ந்த ஊரில் கை முதலில் தேங்காய் எண்ணெய்ப் பக்கம்தான் போகும். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். காற்றில் கெட்டுப் பிசுபிசுக்கும். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிரீஸும் பெட்ரோலியத்திலிருந்து வரும் துருநீக்கி ஸ்பிரேக்களும் பெல்ட்டின் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கக்கூடியவை. சிலிக்கோன் எண்ணெயின் மூலக்கூறு, சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீளமான சங்கிலி. எளிதாக வளையும், அதன் வெளிப்புறத்தைச் சுற்றியுள்ள மீத்தைல் தொகுதிகள் பக்கத்துச் சங்கிலிகளோடு ஒட்டுவதில்லை. அதனால் மெல்லிய படலமாகப் பரவும். மார்கழிக் குளிரிலும் சித்திரை வெயிலிலும் அதன் தன்மை பெரிதாக மாறாது.

பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு. கையில் வழவழப்பு ஒட்டினால் போதும். காய்ந்திருந்தால் கொஞ்சம் விட்டு, ஆளில்லாமல் மெதுவாகச் சில நிமிடம் ஓடவிட்டால் பரவும். மெழுகு ஏற்றிய பலகையுள்ள சில மாடல்களில் எண்ணெயே விடக் கூடாது; கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறைய விட்டால் நிறைய நன்மை என்றும் இல்லை. மிச்ச எண்ணெய் ரோலருக்குப் போகும். பிடிக்க வேண்டிய இடம் அங்கே வழுக்க ஆரம்பிக்கும்.

வெட்டு எங்கே விழுகிறது?

கால் ஊன்றும்போது பெல்ட் ஒரு கணம் நின்று வெட்டினால், பலர் உடனே அலன் கீயை எடுத்துப் பின்பக்க போல்ட்டுகளை முறுக்கிவிடுவார்கள். அதற்கு முன் பார்த்தே கண்டுபிடிக்கலாம். முன்மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கட்டும். இன்னொருவர் தள்ளி நின்று, கையோ துணியோ அருகில் போகாமல் கவனிக்கட்டும். வெட்டு விழும் கணத்தில் ரோலர் சுற்ற, நடைபெல்ட் நின்றால், நடைபெல்ட் தளர்ந்திருக்கிறது. மோட்டார் சுற்ற, ரோலர் நின்றால், இரண்டுக்கும் நடுவிலுள்ள சிறு பெல்ட் தேய்ந்திருக்கிறது. மோட்டாரே தயங்கினால் கோளாறு பெல்ட் இழுப்பில் இல்லை. உராய்வையோ மின்சாரப் பக்கத்தையோ பார்க்க வேண்டும். மூன்றாவது நிலையில் போல்ட்டை முறுக்கினால் பேரிங்கின் சுமைதான் கூடும்.

பெல்ட் ஒதுங்குவதிலும் ஓர் அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது. ரோலரைத் தடவிப் பார்த்தால் பல மாடல்களில் நடுப்பகுதி ஓரத்தைவிட இம்மியளவு பருத்திருக்கும். மாவு மில்லில் பட்டை பெல்ட் ஓடும் புல்லியும் அப்படித்தான். உருண்டையான மேட்டில் பெல்ட் சரிந்து கீழே விழும் என்றுதான் நமக்குத் தோன்றும். நடப்பது நேர்மாறு. ஓரத்துக்குப் போன பெல்ட் சரிவில் படியும்போது சற்றே மேட்டுப் பக்கமாகத் திரும்புகிறது. அடுத்து வந்து படியும் பகுதி இன்னும் மேலே படிகிறது. சுற்றிச் சுற்றி உச்சிக்கே வந்துவிடுகிறது. காவலுக்கு விளிம்பு இல்லாமலே பெல்ட் நடுவில் நிற்பதன் ரகசியம் இது.

பின் ரோலர் கோணலாகிவிட்டால் இந்தத் திருத்தம் போதாது. பெல்ட் வலப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்க போல்ட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்ப வேண்டும். அந்த முனை பின்னால் போகும். பெல்ட் இடது முனையை முதலில் தொட்டு, அந்தப் பக்கம் நகரும். பிறகு ஓரிரு நிமிடம் ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இன்னும் ஒரு திருகு திருகினால் மறுபக்கம் ஓடிவிடும்.

தொட்டுக்கொண்டே நழுவும் கரி

சில விநாடி ஓடி, பிழை எண்ணைக் காட்டி நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வேக சென்சார். ரோலரின் புல்லியில் ஒரு சிறு காந்தம்; எதிரே அதை எண்ணும் சென்சார். துடிப்பு வராவிட்டால் பெல்ட் ஓடவில்லை என்று போர்டு எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்பதால், நின்றுவிடுவதே அதற்கு இடப்பட்ட கட்டளை. இடைவெளி கூடியிருக்கலாம், தூசி படிந்திருக்கலாம், மடக்கி நிமிர்த்தும்போது வயர் நசுங்கியிருக்கலாம். திரையே எரியவில்லை என்றால் பாதுகாப்புச் சாவியின் காந்தம், பிளக், மிஷினின் ரீசெட் பொத்தான் என்று எளியதிலிருந்து போக வேண்டும்.

மோட்டாருக்குள்ளும் அதே இரட்டை வேலை நடக்கிறது. சுழலும் செப்புத் துண்டுகளின் மேல் கார்பன் பிரஷ் அழுந்தி நிற்க வேண்டும், மின்சாரம் போவதற்காக. வழுக்கவும் வேண்டும், சுழற்சி தடைபடாமல் இருப்பதற்காக. கிராஃபைட்டின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்; மின்சாரத்தையும் கடத்தும். இரண்டும் ஒரே பொருளில் அமைவது அபூர்வம். பிரஷ் தேய்ந்து குட்டையானால் பொறி பறக்கும், கருகிய வாடை வரும். மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

போர்டைத் தொடுவது மட்டும் தெரிந்தவர் வேலை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டின் உச்சம் சுமார் 325 வோல்ட். டி.சி.யாக மாற்றப்பட்ட பின் அதே அளவு கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். பெல்ட்டும் பலகையும் உரசுவதால் உண்டாகும் நிலைமின்சாரத்துக்கும் சரியான எர்த் வேண்டும். கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்பது பல வீடுகளில் எர்த் செத்திருப்பதன் அறிவிப்பு.

மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி அளந்து கொடுப்பது போர்டின் டிரான்சிஸ்டர்தான். பெல்ட் காய்ந்த நாள் முதல் கூடுதல் ஆம்பியரைச் சுமந்து, சூடாகி, கடைசியில் வெடிப்பதும் அதுவே. புது போர்டுக்கு விலை கேட்கும் முன், ஓர் ஆளை ஏற்றி நடக்கவிட்டு, டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரை மோட்டார் வயரில் மாட்டச் சொல்லுங்கள். மோட்டாரின் முகப்பில் எழுதியிருக்கும் ஆம்பியரை அந்த எண் நெருங்கினாலோ தாண்டினாலோ, எண்ணெய் விட்டுத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். குறைந்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது. குறையவில்லை என்றால் பலகையும் பெல்ட்டும் தேய்ந்துவிட்டன. அவற்றை மாற்றாமல் மாட்டுகிற எந்த போர்டும் நிலைக்காது.