மோட்டார் சைக்கிள் பயில்வோர்க்கு முதல் முப்பது நாட்கள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆலைகள் பெருகியதன் பயனாக, சுற்றுப்புறக் கிராமங்களின் வாழ்க்கை முறை பெரிதும் மாறியுள்ளது. மாதர்பாக்கம், பாதிரிவேடு, எளாவூர் முதலிய ஊர்களின் உழவர் குடும்பத்து இளைஞர்கள் இன்று இரவு ஷிப்டுக்குச் செல்கின்றனர். பேருந்து வாராத வேளையிலும் ஷிப்டு முடிவதுண்டாதலால், சம்பளம் கைக்கு வந்ததும் தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவது இயல்பாகிவிட்டது. வாங்குவதில் தவறொன்றுமில்லை. நண்பரொருவரிடம் மாலையில் அரைமணி நேரம் கற்றுக்கொண்டு, மறுநாளே கொல்கத்தா நெடுஞ்சாலையில் கனரக லாரிகளுக்கிடையே புகுவதுதான் நம்மைக் கவலையுறச் செய்கிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, கியர் உள்ள வண்டியை ஓட்ட 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். பழகுநர் உரிமம் 6 மாதங்கள் செல்லும். அதனைப் பெற்று 30 நாட்கள் கழிந்த பின்னரே தேர்வுக்குச் செல்லலாம். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெண்ணிறப் பரப்பில் சிவப்பு 'எல்' எழுத்து இருத்தல் வேண்டும். கற்பிப்பவரையன்றி வேறெவரையும் பின்னால் ஏற்றலாகாது. வயது நிரம்பாத மகனிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோர்க்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு.

இந்த 30 நாட்களைப் பலரும் வெறுங் காத்திருப்பாகவே கழித்துவிடுகின்றனர். பயிற்சிக்கு ஏற்ற இடம் நமது கிராமங்களில் இல்லாமலில்லை. அறுவடை முடிந்த நெற்களமோ, பஞ்சாயத்துத் திடலோ போதுமானது. முதல் நாள் இஞ்சினை முடுக்கவே வேண்டாம். வண்டியைத் தள்ளி நடந்து, அதன் பாரத்தைக் கை உணர்தல் நலம். அடுத்து, கிளட்சை மெல்ல விடுகையில் வண்டி எவ்விடத்தில் இழுக்கத் தொடங்குகிறது என்பதை, ஆக்ஸிலேட்டரைத் திருகாமலேயே பலமுறை பழகுதல் வேண்டும். தாத்தாவின் பழைய புல்லட்டில் கற்போர் ஒன்றைக் கவனிக்கவும்: அதில் கியர் வலக் காலிலும் பிரேக் இடக் காலிலும் இருக்கும், இக்கால வண்டிகளில் இது நேர்மாறு.

ஓட்டுவதைவிட நிறுத்துவதே கடினமான பாடம். சைக்கிள் பழக்கத்தினால், முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புறக் கவிழ்ந்துவிடுவோம் என்னும் அச்சம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. பிரேக் பிடித்ததும் பாரம் முழுதும் முன்னோக்கிச் சாய்வதால், முன் சக்கரமே தரையை இறுகப் பற்றுகிறது. நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு அதனுடையதே. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் சறுக்கிக்கொண்டே போகும். ஆகவே, ஹேண்டில் நேராக இருக்கையில், இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்துதல் வேண்டும். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சி.சி. வரையிலான புதிய வண்டிகளில் இரு பிரேக்குகளும் இணைந்தியங்கும் அமைப்போ, சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்போ உண்டு. ஆயினும், புதிதாகப் பயில்வோர் பெரும்பாலும் வாங்குவது கைமாறிய பழைய வண்டியன்றோ!

வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், கண்டு உணரும் ஒரு விநாடியையும் சேர்த்து, உலர்ந்த சாலையில் நிற்க ஏறத்தாழ 14 மீட்டர் தேவை. 60 கிலோமீட்டரில் சுமார் 40 மீட்டர். இதனைக் களத்தில் காலடியால் அளந்து காட்டினால், இளைஞர்கள் திகைப்பதைக் காணலாம்.

தேர்வுக்குரிய 'எட்டு' போடுதலைச் சிலர் சம்பிரதாயமென்று எள்ளுவர். காலை ஊன்றாமல் மெதுவாக வளைவது, விரைந்து ஓட்டுவதைவிட அரிது. முன் சக்கரத்தை நோக்காது, அடுத்த வளைவை நோக்குதல் வேண்டும். கண் செல்லும் வழியே வண்டியும் செல்லும். தொழிற்பேட்டை வாயிலின் நெரிசலில் நமக்கு உதவுவது இப்பழக்கமே.

இனிச் சாலைக்கு வருவோம். நீண்ட டிரெய்லர் லாரி திரும்புகையில், அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் சென்ற தடத்தில் செல்லாமல் உட்புறமாக வெட்டிச் செல்லும். ஆதலின் அதன் இடப்புறம் புகுந்து முந்துதல் கூடவே கூடாது. கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியாவிடின், நாமும் அவருக்குத் தெரியமாட்டோம். திரும்பும் இடம் தொலைவென்று சர்வீஸ் சாலையில் எதிர்த்திசையில் வருவோரை நாள்தோறும் காண்கிறோம். இரவில் இதைவிடப் பேராபத்து வேறில்லை. சாலையில் உலர்த்திய நெல்லும் வைக்கோலும் சக்கரத்தை வழுக்கச் செய்யும். நெல்லை உலர்த்துவோரும் நம் மக்களே. உலர்களம் உள்ள ஊர்களிலாவது அதனைப் பயன்படுத்தச் செய்தல் பஞ்சாயத்தாரின் கடமை.

தலைக்கவசம் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகவும், தாடைவார் பூட்டியதாகவும் இருத்தல் வேண்டும். பின்னால் அமர்வோர்க்கும் இது பொருந்தும். முப்பது நாட்களும் களத்திலும் ஊர்ச்சாலையிலும் பயின்றவர், உரிமம் பெற்றதும் முதன்முறை நெடுஞ்சாலை ஏறுவதை விடுமுறை நாளொன்றின் காலைப்பொழுதில், அனுபவமுள்ள ஒருவர் தம் வண்டியில் உடன்வரச் செய்துகொள்வாராக. இரவு ஷிப்டுக்கு வண்டியை எடுப்பது அதற்குப் பிறகே ஆகட்டும்.