சென். ஜோன்ஸில் ஏழு நாட்கள்: 155 பேர் கரையேறிய ஊருக்குப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

கனடாவுக்கு உறவுகளைப் பார்க்கப் போகும் எங்கள் ஆட்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். ரொறன்ரோவில் இறங்குவது, ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் தங்குவது, ஒருநாள் நயாகரா, மிச்ச நாட்களில் கோயில், கலியாண வீடு, சாமத்தியவீடு, கடை. பிறகு சூட்கேஸை நிறுத்துப் பார்த்துக்கொண்டு திரும்பி வருவது. முதல் தடவை நானும் அப்படித்தான் வந்தேன்.

இரண்டாவது தடவை போனபோது ஒரு கிழமையை மட்டும் தனியாக எடுத்து, அண்ணாவையும் கூட்டிக்கொண்டு சென். ஜோன்ஸுக்குப் போனேன். நியூபவுண்ட்லாந்துத் தீவின் தலைநகரம் அது. மாநகரப் பகுதியில் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் வாழ்கிறார்கள். கனடாவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தும் அண்ணா அந்தப் பக்கம் போனதில்லை. "கடலைப் பாக்கிறதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போவான்?" என்றுதான் முதலில் கேட்டார்.

ஏன் போகவேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு திகதி இருந்தது.

1986 ஓகஸ்ட் 11. நியூபவுண்ட்லாந்தின் தென்பகுதியில் சென். ஷொட்ஸ் என்ற மீன்பிடிக் கிராமத்துக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் 155 தமிழர்கள் இருந்தார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றி வரப்பட்டு, அட்லாண்டிக் கடலில் அந்தப் படகுகளுக்குள் இறக்கிவிடப்பட்டவர்கள். அவர்களைக் கண்டவர் கஸ் டோல்டன் என்ற உள்ளூர் மீனவர். அவரும் 'அட்லாண்டிக் ரீப்பர்' என்ற அவரது படகில் இருந்தவர்களும் ஆட்களைத் தங்கள் படகில் ஏற்றத் தொடங்கினார்கள். மற்றைய படகுகளும் உதவிக்கு வந்தன. மீட்கப்பட்டவர்கள் சென். ஜோன்ஸுக்குக் கொண்டுவரப்பட்டு மெமோரியல் பல்கலைக்கழக மாணவர் விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள்.

நேராக இந்தியாவிலிருந்து வந்ததாகத்தான் அவர்கள் முதலில் சொன்னார்கள். ஜேர்மனியிலிருந்து வந்த உண்மை பின்னர் வெளியானபோது கனடாவில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. ஆனாலும் அப்போதைய பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஒரு வருடம் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கொடுத்தது. அதற்குப் பிறகு ரொறன்ரோவும் மொன்றியலும் எங்கள் ஊர்களாக மாறிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையின் தொடக்கத்தில் இருக்கும் கரையைப் பார்த்தவர்கள்தான் குறைவு.

போக விரும்புகிறவர்களுக்கு, நாங்கள் திட்டம் போட்ட விதத்தையும் அதில் கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன்.

விசா: படிவத்தில் ஒளிந்திருக்கும் கேள்வி

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு வருகையாளர் விசா கட்டாயம் தேவை. விண்ணப்பக் கட்டணம் 100 கனேடிய டொலர், கைரேகைக்கும் படத்துக்கும் 85 டொலர். பிரித்தானிய, பிரெஞ்சு, சுவிஸ் கடவுச்சீட்டு எடுத்துவிட்ட உறவுகளுக்கு இது வேண்டியதில்லை. விமானத்தில் வருவதாக இருந்தால் இணையத்தில் 7 டொலர் கட்டி மின்னணுப் பயண அனுமதி எடுத்தால் போதும். உலகெங்கும் சிதறிய குடும்பம் ஓரிடத்தில் சந்திக்க நினைத்தால், முதலில் இலங்கையில் இருப்பவரின் விசா கிடைக்கட்டும். அதன் பிறகு மற்றவர்கள் ரிக்கற் எடுப்பதுதான் புத்தி.

போருக்குள் வாழ்ந்தவர்கள் கவனிக்கவேண்டிய இடம் படிவத்தின் பின்னணிக் கேள்விகள். இராணுவத்திலோ ஆயுதக் குழுவிலோ இருந்தீர்களா, வன்முறையில் ஈடுபட்ட அமைப்புடன் தொடர்பு இருந்ததா, கைது செய்யப்பட்டீர்களா என்று அது கேட்கும். 'இல்லை' என்று எல்லாவற்றுக்கும் புள்ளடி போடச் சொல்லி ஆலோசனை தருகிறவர்கள் ஊரில் நிறையப்பேர். அதைக் கேட்காதீர்கள். உண்மையை மறைத்ததாகத் தீர்மானிக்கப்பட்டால் ஐந்து வருடங்களுக்குக் கனடாவுக்குள் நுழைய முடியாது. விடுதலைப் புலிகள் அமைப்பைக் கனடா 2006 இல் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே கட்டாய ஆட்சேர்ப்பில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் புனர்வாழ்வு முகாமில் இருந்தவர்களும் படிவத்தைத் தொடுவதற்கு முன்பே கனேடிய குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் பேசுவது நல்லது. படிவத்தை வேறொருவர் நிரப்பினாலும் அதில் உள்ளதற்குப் பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் பிரதியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கடவுச்சீட்டு, அடையாள அட்டை, சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இல்லாவிட்டால், அதற்கான விளக்கத்தை ஒரு கடிதமாக இணையுங்கள்.

எப்போது போவது, எங்கே தங்குவது

ரொறன்ரோவிலிருந்து சென். ஜோன்ஸுக்கு விமானத்தில் மூன்று மணித்தியாலம். இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணித்தியாலம் முன்னே தள்ளவேண்டும். நியூபவுண்ட்லாந்துக்கும் எங்களைப் போல அரை மணிக் கணக்கு உண்டு. இரண்டு அரைகளும் ஒன்றையொன்று வெட்டிவிடுவதால் கோடையில் இலங்கைக்கும் அந்த ஊருக்கும் சரியாக எட்டு மணித்தியால வித்தியாசம். அம்மாவுக்கு எத்தனை மணிக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்று விரல்விட்டு எண்ணத் தேவையில்லை.

நாங்கள் தெரிவு செய்தது ஜூன் 29 தொடக்கம் ஜூலை 5 வரையான ஏழு நாட்கள். கோடை என்று நம்பிப் பருத்திச் சட்டையோடு போகாதீர்கள். ஜூலையிலும் கடற்காற்று குளிரும், தூறலும் மூடுபனியும் சொல்லாமல் வரும். காற்றுப் புகாத மழை அங்கியும் ஒரு கம்பளிச் சட்டையும் ஆளுக்கு ஒன்று வேண்டும். வயதானவர்களுக்குப் பயண மருத்துவக் காப்புறுதி இல்லாமல் புறப்படவே கூடாது.

தங்குவதற்கு ஹொட்டேலைத் தேடுவதோடு மெமோரியல் பல்கலைக்கழகத்தையும் விசாரியுங்கள். கோடை விடுமுறையில் விடுதி அறைகளை வெளியாருக்கும் வாடகைக்கு விடுவார்கள். 155 பேர் தங்கியது அந்த வளாகத்தில்தான் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. முதலாம் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக 1925 இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. 'மெமோரியல்' என்ற பெயர் அதனால் வந்தது. இறந்தவர்களுக்காகக் கட்டிய ஓரிடத்தில், உயிர் தப்பி வந்த எங்கள் ஆட்களுக்குக் கட்டில் கிடைத்திருக்கிறது.

ஊருக்குள் நகரப் பேருந்து ஓடும். வெளியே போக வாடகைக் கார்தான் வழி. தீவு என்பதால் கோடையில் கார்கள் சீக்கிரம் முடிந்துவிடும். விமான ரிக்கற் எடுக்கும் நாளிலேயே காரையும் பதிவு செய்யுங்கள். இருட்டில் ஓடாதீர்கள். மூஸ் என்ற பெரிய மான் வீதியில் வந்து நிற்கும். அதில் மோதினால் காரில் இருப்பவரின் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

நாட்களை அடுக்கிய விதம்

முதல் நாளைப் பயணக் களைப்புக்கு விட்டோம்.

இரண்டாம் நாள் நகரத்துக்குள். வரிசையாக நிறம் நிறமாகப் பூசிய மரவீடுகளைப் பார்த்தபடி நடந்து, 'த றூம்ஸ்' அருங்காட்சியகத்துக்குப் போய், பின்னேரம் சிக்னல் ஹில் குன்றில் ஏறினோம். 1901 டிசெம்பர் 12 அன்று அட்லாண்டிக்கைக் கடந்துவந்த முதலாவது கம்பியில்லாத் தந்திச் சமிக்ஞையை மார்க்கோனி பெற்றது இந்தக் குன்றில்தான்.

மூன்றாம் நாள் ஜூலை 1. கனடாவின் மற்றைய இடங்களில் அது கனடா தினக் கொண்டாட்டம். நியூபவுண்ட்லாந்தில் காலை துக்கத்துக்குரியது. 1916 இல் அதே நாளில் பிரான்ஸின் பியூமோன்ட்-ஹமல் களத்தில் நியூபவுண்ட்லாந்துப் படைப்பிரிவின் ஏறத்தாழ 800 பேர் முன்னேறினார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். அப்போது நியூபவுண்ட்லாந்து கனடாவின் பகுதியே அல்ல, இணைந்தது 1949 இல்தான். இருந்தும் இன்றுவரை சனம் காலையில் சட்டையில் சிறிய நீலப்பூ ஒன்றைக் குத்திக்கொண்டு நினைவுத்தூபிக்கு வருகிறது. கொண்டாட்டம் அதற்குப் பிறகுதான்.

2024 ஜூலை 1 அன்று, பிரான்ஸில் புதைக்கப்பட்டிருந்த பெயர் தெரியாத நியூபவுண்ட்லாந்து வீரர் ஒருவரின் எச்சங்களைக் கொண்டுவந்து அந்தத் தூபியடியில் அடக்கம் செய்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழிந்த பிறகு ஓர் உடல் வீடு வந்திருக்கிறது. அந்த ஒருவர் யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம் என்பதால், உடல் கிடைக்காத எல்லாக் குடும்பத்துக்கும் அது ஒரு கல்லறை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 2017 தொடக்கம் படங்களை ஏந்தியபடி இருக்கும் தாய்மாரைத் தெரிந்த எவரும் அந்தக் கல்லுக்கு முன்னால் சும்மா நின்றுவிட்டுப் போகமுடியாது. அண்ணா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் ஜூலை 2. காலையில் கேப் ஸ்பியர். கனடாவின் கிழக்கு முனை அது. 1836 இல் கட்டிய வெளிச்சவீடு இன்னும் நிற்கிறது. மதியம் கிடிவிடி என்ற சிறு மீன்பிடித் துறை. இந்த ஊரில் 'மீன்' என்றால் கொட் மீன்தான். உப்புப் போட்டுக் காயவைத்த கொட் கருவாடுதான் இத்தீவின் நானூறு, ஐந்நூறு வருடச் சோறு. வெளிநாட்டு இழுவைக் கப்பல்களும் பின்னர் கனடாவின் சொந்தக் கப்பல்களும் கடலை அரித்தெடுத்ததில் அந்த மீன் அழிந்தது. 1992 ஜூலை 2 அன்று அரசு பிடிக்கத் தடை போட்டது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள், இளம் ஆட்கள் தீவை விட்டுப் போனார்கள். வர்த்தக மீன்பிடி 2024 இல்தான் சிறிய அளவில் மீண்டும் திறக்கப்பட்டது.

எங்கள் ஊர் மயிலிட்டி. 1990 இல் வெளியேறி, 2017 இல் துறைமுகப் பகுதி விடுவிக்கப்படும்வரை எங்கள் கடலை எங்களால் கிட்டப் பார்க்க முடியவில்லை. இப்போது போனால் வலையை இழுவைப்படகு அறுத்துவிட்டுப் போகிறது. கடல் மூடப்பட்டால் மீனவனுக்கு என்ன நடக்கும் என்பதை கிடிவிடியில் எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சென். ஷொட்ஸ்: ஐந்தாம் நாள்

முழுத் திட்டமும் இந்த ஒரு நாளுக்காகப் போட்டது. தெற்கே பத்தாம் இலக்க வீதியால் பே புல்ஸ், ஃபெரிலண்ட், ட்ரெபஸி ஊர்களைக் கடந்து போகவேண்டும். ஒரு வழிக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். தொலைபேசி அலை இடையிடையே அறுந்துபோகும். ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி, எரிபொருளை நிரப்பி, சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கள். நாங்கள் கட்டியது புட்டும் சம்பலும்.

மரங்கள் குறைந்து, வெறும் புல்லும் சேறும் குட்டைகளுமாக நிலம் விரியும். பிறகு சில வீடுகள். அதற்கு அப்பால் பாறை, கடல். எண்ணற்ற கப்பல்களை உடைத்த கரை என்று பெயர் எடுத்தது. பெரிய காட்சி எதையும் எதிர்பார்த்துப் போகவேண்டாம். நாங்கள் போன நேரம் மூடுபனி இறங்கி, கரையிலிருந்து நூறு மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணா நெடுநேரம் பேசவில்லை. ஏஜென்சிக்குக் காசு கட்டி விமானத்தில் வந்தவர் அவர். ஆனால் அவரும் சம்மாட்டி வீட்டுப் பிள்ளை. "இந்தப் புகாருக்குள்ள எஞ்சின் சத்தம் கேட்டா ஆரெண்டு தெரியாது தங்கச்சி. நேவியோ, ஆரோ எண்டு எங்கட ஆக்கள் பயந்திருப்பாங்கள்" என்றார். சிறிது நேரம் கழித்து, "வந்தது மீன்காரர்" என்றார்.

அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனோம் என்று எனக்கு அப்போது தோன்றியது. 155 பேரைப் பற்றி அரசுகள் கணக்குப் பார்க்கத் தொடங்கியது பிறகு. அதற்கு முன்பே, கடலில் ஆள் தத்தளித்தால் தூக்கவேண்டும் என்ற கடற்காரனின் கணக்கு முடிந்துவிட்டது. அந்தக் கணக்கு மயிலிட்டியிலும் ஒன்றுதான்.

ஒரு நாளைக் காலியாக விடுங்கள்

ஆறாம் நாளுக்கு நாங்கள் ஒன்றும் எழுதவில்லை. மூடுபனியோ மழையோ சென். ஷொட்ஸ் பயணத்தைக் கெடுத்தால் பயன்படட்டும் என்று விட்ட நாள். கெடுக்காதபடியால் பே புல்ஸ் போய், படகில் ஏறி, விட்லெஸ் பே தீவுகளில் கூடுகட்டும் பஃபின் பறவைகளைப் பார்த்தோம். இந்தப் படகுக்கும் முன்பதிவு வேண்டும். தண்ணீரில் போகத் தயக்கமுள்ளவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். 2009 இல் கடலையும் கரையையும் வேறுவிதமாகப் பார்த்தவர்கள் எங்களுக்குள் நிறையப்பேர். கரையில் இருந்து தேத்தண்ணி குடித்தாலும் பயணம் பயணம்தான்.

ஏழாம் நாள் திரும்பினோம். விமானத்தில் அண்ணா, அடுத்த முறை தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றார். அவர்கள் ஸ்காபரோவில் பிறந்தவர்கள். நயாகராவுக்குப் பத்துத் தடவை போயிருக்கிறார்கள். சென். ஷொட்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஒகஸ்ட் 11 ஐ ஒட்டிப் போகலாம் என்று யோசிக்கிறார். கார் பதிவை இப்போதே பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.