கத்தி மட்டும் கேட்கிறது

ஒரு படத்தில் பெண்ணை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கும்போது ஒலியையும் கவனிக்க வேண்டுமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கட்டாயம் கவனிக்க வேண்டும். அதற்கு ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் ‘பிளாக்மெயில்’ (1929) படத்தைத்தான் எப்போதும் சொல்வேன். ஊமைப்படமாகத் தொடங்கி, பாதியில் பேசும்படமாக மாறிய பிரிட்டிஷ் படம் அது.

ஆலிஸ் லண்டன் கடைக்காரர் ஒருவரின் மகள். தன்னைப் பலவந்தப்படுத்திய ஓவியனைக் கைக்கு அகப்பட்ட ரொட்டிக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறாள். மறுநாள் காலை, சாப்பாட்டு மேசை. அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி அந்தக் கொலையைப் பற்றி ஓயாமல் பேசுகிறாள். கேமரா ஆலிஸின் முகத்தில் நிற்கிறது. பேச்சு மெல்ல மெல்ல வெறும் முணுமுணுப்பாகத் தேய்கிறது. ‘கத்தி’ என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பத் தெளிவாக விழுகிறது. கல்யாண வீட்டு இரைச்சலில் யாரோ என் பெயரைச் சொன்னால் அது மட்டும் எனக்குக் கேட்குமே, அப்படி. ரொட்டியை நறுக்கச் சொல்கிறார் அப்பா. கடைசி ‘கத்தி’ அலறலாக வந்து விழ, அவள் கையிலிருந்து கத்தி தெறித்து ஓடுகிறது.

பேசும்படம் பிறந்த புதிதிலேயே நம்மை ஒரு பெண்ணின் காதுக்குள் உட்கார வைத்துவிட்டார் ஹிட்ச்காக். கத்தி எடுத்தது கொடுமை என்று ஊர் பேசுகிறது. எதற்காக எடுக்க நேர்ந்தது என்று கேட்க ஒருவருமில்லை. அந்த அநியாயம் அவளுக்கு உறைப்பதுபோலவே நமக்கும் உறைக்கிறது.

என்னை இதைவிட வியக்க வைப்பது இன்னொன்று. ஆலிஸாக நடித்த ஆனி ஒண்ட்ரா செக் நடிகை. அவருடைய உச்சரிப்பு லண்டன் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. பிற்பாடு டப்பிங் செய்துகொள்ள அன்று வசதியில்லை. அதனால் ஜோன் பேரி என்ற நடிகை கேமராவில் படாமல் மைக் முன் நின்று வசனம் பேச, ஒண்ட்ரா அதே நொடியில் வாயசைத்தார். படத்தின் பெயர்ப் பட்டியலில் பேரி இல்லை.

கதைக்குள்ளும் ஆலிஸின் பேச்சு எடுபடவில்லை. இறுதியில் போலீஸிடம் உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறாள். தொலைபேசி மணி குறுக்கே வந்து தடுத்துவிடுகிறது.

தமிழிலும் எத்தனையோ நாயகிகளுக்கு இரவல் குரல்தான். அழுகையையும் ஆத்திரத்தையும் குரலில் கொண்டுவந்தவரை நம் விமர்சனங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. நடிப்புக்குக் கிடைக்கும் பாராட்டில் அவருக்கும் பங்குண்டு. உடையையும் வசனத்தையும் மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். யாருடைய பேச்சு முழுதாகக் கேட்கிறது, யாருடையது நடுவில் அறுபடுகிறது, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.